கருப்பண்ணன் ஆஜர்

"அப்படீன்னா செத்துப்போனது நீதானே?"

"இல்லீங்க சாமி. செத்தது கருப்பண்ணன் அண்ணனுங்க. பேரு மட்டுந்தான் என்னுதுங்க."

"பேரு உன்னுது, சாவு அவனுது?"

"ஆமாங்க சாமி."

"இதென்ன பாகப்பிரிவினையா, ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்க? பேரு எவனுதோ, சாவும் அவனுதுதான்."

"நான் இங்க உசுரோட நிக்கறனுங்களே."

"நிக்கறது ஒரு அத்தாட்சியா? அந்த மரங்கூடத்தான் நிக்குது."

குமாஸ்தா மைக்கோலால் ஜன்னலுக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரத்தைச் சுட்டினார். சித்தன் திரும்பி அதைப் பார்த்தான். அது அவனைவிட நிமிர்ந்து நின்றது. அதன் பட்டையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பரும் போட்டிருந்தார்கள். தன்னைவிட அதற்கு ஆதாரம் அதிகம் என்று அவனுக்கே பட்டது.

பக்கத்தில் நின்ற கண்ணாயிதான் விண்ணப்பக்காரி. செத்துப்போன கருப்பண்ணனின் மனைவி. கிளிப்பாறை எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவள். ஐந்து வயது மகளை, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் குடித்தனத்தில் விட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே புறப்பட்டு, வாழவந்தி வழியாக நடந்து வந்திருந்தாள். ஓமலூருக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய அண்ணன் ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தான்: "பென்சன் காயிதத்தோட வந்தா வரட்டும், வெறுங்கையோட வர வேண்டாம்." அந்த ஒரு காகிதம் கிடைத்தால் மகளைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிடலாம் என்பதுதான் கண்ணாயியின் கணக்கு. புருஷன் செத்தான் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செத்தவனைச் செத்தான் என்று எழுதுவதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள்.

யுத்த விதவைகள் உபகாரச் சம்பள விசாரணைக் கச்சேரி ஏற்காட்டில் இருந்ததற்குக் காரணம் விதவைகள் அல்ல, வெயில். ஜில்லாவின் விதவைகளில் பெரும்பாலோர் சமவெளியில் இருந்தார்கள். ஆனால் துக்கத்தை விசாரிக்கிறவர்களுக்கு வியர்த்தால் நியாயம் பிசகிவிடும் என்று சர்க்கார் கருதியது. ஆகவே ஏப்ரல் பிறந்ததும் ஃபைல்கள் மாட்டுவண்டியில் மலையேறும். ஜூனில் மழை வலுத்ததும் அதே வண்டியில், மேலே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, இறங்கும். நடுவில் விதவைகள் ஏறி இறங்குவார்கள். அவர்களுக்குத் தார்ப்பாய் கிடையாது.

"ஏம்மா, உன்னைத்தான்," என்றார் குமாஸ்தா. "சண்டை நடந்த பசராவிலேர்ந்து வந்த காயிதத்துல செத்தவன் பேரு சித்தன்னு போட்டிருக்கு. இதோ சித்தன் நிக்கறான். இவனுக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா, பேரு வெள்ளையம்மாள். நீ யாரு நடுவுல?"

"என்ற ஊட்டுக்காரருதாங்க இவரு பேருல போனாரு."

"ஏன் போனான்?"

கண்ணாயி சித்தனைப் பார்த்தாள். சித்தன் மரத்தைப் பார்த்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் எஸ்டேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டைப் பற்றிக் கச்சேரியில் சொல்லக்கூடாது என்று மேஸ்திரி மாதையன் சொல்லியிருந்தான். அவள் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடலாம்.

கிளிப்பாறையில் காலைப் பெரட்டு என்று ஒன்று உண்டு. பனிமூட்டத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, ரைட்டர் அண்ணாதுரை பேரேட்டை விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கறேன் சாமி" என்று ஒரு குரல் வந்தால் அந்தப் பேருக்கு நேரே ஆஜர் என்று எழுதுவார். மூட்டத்தில் ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். பேர் குறைந்தால் எஸ்டேட்டை நடத்தும் பெரிய துரைக்குக் கோபம் வரும். குரல் யாருடையது என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. அதனால் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் பேருக்கு நிற்பான். மைத்துனனுக்கு மாமன் நிற்பான், தம்பிக்கு அக்காகூடக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு நின்றது உண்டு. அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. பேர் என்பது மண்வெட்டி மாதிரி. எஸ்டேட்டுக்குச் சொந்தம். அன்றைக்கு யார் கையில் இருக்கிறதோ அவன் வெட்டுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம், சண்டைக்குச் சுமை தூக்க ஆள் வேண்டும் என்று தண்டோராப் போட்டபோது, பெரிய துரை கிளப்பில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு பன்னிரண்டு ஆள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மாதையன் பன்னிரண்டு பேர் எழுதினான். அதில் சித்தன் ஒருவன். புறப்படும் நாளில் சித்தன் குளிர்காய்ச்சலில் இரண்டு சாக்குக்கு அடியில் கிடந்தான்.

"பேரு பன்னெண்டு, ஆளு பதினொண்ணு," என்றான் மாதையன். "எவனாச்சும் ஒருத்தன் வந்து நில்லு."

கருப்பண்ணன் எழுந்தான். சித்தனுக்கு அவன் அதற்கு முன்பும் பலமுறை நின்றிருக்கிறான். "எத்தனை நேரமாகும் மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டான்.

"சேலத்துல ஒருக்காப் பேர் கூப்பிடுவாங்க. இருக்கறேன்னு சொல்லோணும். பொழுது சாயறதுக்குள்ள மலையேறிப்போடலாம்."

மாதையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் பேர் கூப்பிடுவது என்றால் அவ்வளவுதான். கருப்பண்ணன் கண்ணாயியிடம் களிக்குக் கீரை கடைந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். சேலத்தில் சித்தன் என்று கூப்பிட்டார்கள். இருக்கறேன் சாமி என்றான். அப்படிச் சொன்னவர்களையெல்லாம் ரயிலில் ஏற்றினார்கள்.

காய்ச்சல் தெளிந்து சித்தன் பெரட்டுக்கு வந்தபோது, சித்தன் என்ற பேர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் "சண்டை" என்று எழுதியிருந்தது; சண்டைக்குப் போனவன் அறையை மட்டும் எடுப்பதில்லை. கருப்பண்ணன் என்ற பேர் பதில் இல்லாமல் கிடந்தது. பேர் பதில் இல்லாமல் கிடந்தால் மூன்றாம் நாள் அதையும் அடிப்பார்கள். அடித்தால் கண்ணாயியின் லயத்து அறை பறிபோகும். சித்தன் அந்தப் பேரை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கருப்பண்ணன் பேருக்கு அவன் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. கால் வீங்கிய நாளிலும் வந்தான். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மொத்த எஸ்டேட்டும் மலையேறிப் போன நாளில்கூட, எதற்கு வம்பு என்று, காலையில் வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போனான். அண்ணன் தனக்காகப் போயிருக்கிறார், அண்ணன் குடும்பத்துக்கு இதையாவது செய்ய வேண்டும் என்பது அவன் எண்ணம். நல்ல எண்ணம். அதனால் வந்த கேட்டைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

போன பன்னிரண்டு பேரில் ஐயாக்கண்ணு திரும்பி வந்தான். கருப்பண்ணனைத் தன் கையால் புதைத்ததாகச் சொன்னான். கப்பலிலிருந்து மாவு மூட்டை இறக்கிவிட்டு, மூட்டை நிழலில் உட்கார்ந்தவன் எழவில்லையாம். மணலாக இருந்ததால் குழி வெட்டச் சிரமமில்லையாம். அதையும் ஆறுதலாகத்தான் சொன்னான். கண்ணாயி அன்றைக்கே இழவு லீவு கேட்டு ரைட்டரிடம் போனாள். அண்ணாதுரை பேரேட்டைப் பார்த்தார். "உன் புருஷன் இன்னைக்கு ஆஜர்," என்றார். "ஆஜரா இருக்கறவனுக்கு இழவு லீவு கிடையாது."

கச்சேரியில் குமாஸ்தாவும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். "கருப்பண்ணன்னு ஒருத்தன் எஸ்டேட்டுல இல்லேன்னு துரைகிட்டேர்ந்து ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிண்டு வா. ஆள் இல்லேன்னு ஆயிட்டா, செத்தான்னு எழுதறது எனக்கு ஒரு நிமிஷம்."

அதற்குள் மழை வந்துவிட்டது. ஃபைல்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இறங்கின.

பெரிய துரை நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். நாய்களிடம் மிகுந்த பிரியமாக இருப்பார். கண்ணாயி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பங்களா வாசலில் நின்றபின் நான்காவது ஞாயிறு வெளியே வந்தார். அண்ணாதுரை பேரேட்டோடு கூட நின்றார்.

"கருப்பண்ணன்?" துரையின் முகம் மலர்ந்தது. "அது நம்பர் ஒன் ஆள்! இரண்டு வருஷத்துக்கு மேலே, ஒரு நாள் லீவு இல்லே. நாம் கிறிஸ்மஸ்க்கு அவனுக்குக் கம்பளி கொடுத்தது. நீ அவன் சம்சாரம்?"

"ஆமாங்க துரைகளே. அவரு செத்துப்போயிட்டாருங்க."

துரை திடுக்கிட்டு ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் பேரேட்டைப் பார்த்தார். "இன்னைக்குக் காலையிலேயும் ஆஜர் சார்."

"பார்," என்றார் துரை நிம்மதியாக. "நீ சும்மா பயப்படறே."

"அது சித்தன் தம்பி சொல்ற கொரலுங்க துரைகளே."

"சித்தன் செத்தது. சர்க்கார் நமக்கு எழுதியிருக்கு. பாவம், நல்ல ஆள்." துரை தொப்பியை எடுத்து ஒரு கணம் மார்பில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டார். "கம்பளி எங்கே இருக்கு?"

"எங்க ஊட்டுலதானுங்க. சித்தன் தம்பி குடுத்துச்சுங்க. புள்ளைக்குப் போத்தறமுங்க."

"கருப்பண்ணனுக்குக் கொடுத்த கம்பளி கருப்பண்ணன் வீட்டிலே இருக்கு. அப்புறம் என்ன? நாம் பதினாறு வருஷம் இந்த எஸ்டேட் நடத்துது. கூலி பொய் சொல்லும். அதனாலே நாம் கூலியைப் பார்க்கறது இல்லே, புஸ்தகத்தை மட்டும் பார்க்கறது. அதனாலேதான் நமக்குக் கூலி மேலே கோபமே வர்றது இல்லே."

சர்ட்டிபிகேட் உடனே கிடைத்தது. கருப்பண்ணன் என்பவர் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இந்த எஸ்டேட்டில் வேலை செய்து வருகிறார், ஒழுக்கம் உயர்ந்தது என்று எழுதியிருந்தது. அதைக் கண்ணாயி மடித்து, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, அடுத்த கோடைவரை காத்திருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டபோது ரைட்டர், "நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றார்.

மறு வருஷம் ஏப்ரலில் விவகாரம் முழு போர்டுக்கு வந்தது. சிக்கலான வழக்கு என்பதால் போர்டு அங்கத்தினர்கள் அன்று காலைப் பலகாரத்தைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டார்கள். நடுநாற்காலியில் கேப்டன் துரை. சண்டை நடந்த நாலு வருஷமும் பெங்களூரில் பூட்ஸ் கிடங்கைக் காத்தவர். வலப்புறம் டிப்டி கலெக்டர். இடப்புறம், தோட்டக்காரர்களின் கௌரவப் பிரதிநிதியாக, கிளிப்பாறைப் பெரிய துரையே உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா மொழிபெயர்த்தார். தாழ்வாரத்தில் கண்ணாயி, சித்தன், ஐயாக்கண்ணு மூவரும் நின்றார்கள். தன் புருஷனைச் செத்தவன் என்று சொல்கிறார்களே, என்னதான் நடக்கிறது பார்த்துவிடலாம் என்று வெள்ளையம்மாளும் கூட வந்திருந்தாள். கச்சேரிக்குப் போகிறோம் என்பதால் தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

கேப்டன் துரை முதலில் பேசினார். குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார்: "இறந்துபோனவர்கள்மேல் இந்தச் சாம்ராஜ்யத்துக்கு எல்லையற்ற அன்பு உண்டு. உயிரோடு இருக்கும்வரை அவர்கள் சோறு கேட்டார்கள், சம்பளம் கேட்டார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். இறந்த பிறகு ஒன்றும் கேட்பதில்லை. அந்த உயர்ந்த குணத்தைத்தான் நாம் போற்றுகிறோம். அவர்கள் மனைவிமாரும் அதே குணத்தோடு நடந்துகொள்ள வேண்டும்."

கண்ணாயி கும்பிட்டாள். பேச்சு நல்லபடியாகத்தான் இருந்தது.

ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். அவன் மார்பில் மெடல் குத்தியிருந்தான்.

"பசராவில் யாரைப் புதைத்தாய்?"

"கருப்பண்ணனைங்க."

"அங்கே சார்ஜன்ட் காலையில் என்ன பேர் கூப்பிடுவார்?"

"சித்தனுன்னு கூப்பிடுவாருங்க."

"பதில் சொன்னது யார்?"

"கருப்பண்ணனுங்க."

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியாம எப்படிங்க? பக்கத்துலதானுங்களே நின்னேன்."

மூவரும் தலைகளை நெருக்கிப் பேசினார்கள். சர்க்காரை ஏமாற்றிய ஆள்மாறாட்டத்துக்கு உடந்தை என்று தீர்மானித்து, மெடலைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். குத்தியிருந்த ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டதால் சற்று நேரம் பிடித்தது. "இதுக்குத்தான் நான் வரமாட்டேன்னு சொன்னேன் கண்ணாயி," என்றான் ஐயாக்கண்ணு. கிழிந்த சட்டையோடு தாழ்வாரத்தை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

சித்தன் உயிரோடு இருக்கிறானா என்பது அடுத்த கேள்வி. ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸரை வரவழைத்தார்கள். அவர் சித்தனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாடி இருக்கு சார்."

"யாருடைய நாடி?" என்றார் டிப்டி கலெக்டர்.

"அது நாடியை வச்சுச் சொல்ல முடியாது சார்."

"ரெக்கார்டில் அதை அப்படியே எழுதுங்கள்: நாடி உண்டு, உரியவர் தெரியவில்லை."

டிப்டி கலெக்டர் மென்மையான மனிதர். கண்ணாயியை உட்காரச் சொல்லியிருப்பார், உட்கார ஏதாவது இருந்திருந்தால். அவர் தமிழிலேயே பேசினார். "அம்மா, உனக்கு உதவத்தான் நாங்கள் மலையேறி வந்திருக்கிறோம். நீ சித்தனுடைய விதவையாக இருந்தால் இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுவேன். நீ சித்தனைக் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்றுகூட ராத்திரி யோசித்தேன். ஆனால் அவன் செத்துப்போனவன். செத்தவனுக்குப் பெண் கொடுக்க இந்துச் சட்டத்தில் இடமில்லை. இன்னொரு வழி, இந்த ஆள்" சித்தனைக் காட்டினார், "ரெக்கார்டுக்கு இணங்க நடந்துகொள்வது. அதைக் கட்டாயப்படுத்த சர்க்காருக்கு அதிகாரமில்லை. யோசனையாகத்தான் சொல்கிறேன்."

சித்தன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது கண்ணாயிக்குத் தெரிந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாமுங்க சாமி. இருக்கறதாச்சும் இருக்கட்டுமுங்க. செத்தவரைச் செத்தாருன்னு எழுதுனாப் போதுமுங்க."

"எழுதலாம் அம்மா. ஆனால் நீயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாயே." அவர் சர்ட்டிபிகேட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒரு வருஷம் இடுப்பில் இருந்ததால் அது மடிப்புகளில் கிழிந்திருந்தது. "உன் புருஷன் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கிறான். ஒழுக்கமும் உயர்ந்ததாம். இப்படி ஒரு புருஷன் இருக்கும்போது அவன் சாவுக்குப் பணம் கேட்டு இரண்டு வருஷமாக அலைகிறாய். என் மனைவி இப்படிச் செய்தால் நான் தாங்கமாட்டேன்."

பெரிய துரை குனிந்து தன் நகங்களைப் பார்த்தார். தன் ஆளைப் பற்றி இன்னொருவர் நல்லவிதமாகப் பேசுவதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது போலும்.

தீர்ப்பு பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. உபகாரச் சம்பளம் சித்தனின் விதவை வெள்ளையம்மாளுக்கு. கண்ணாயியின் விண்ணப்பம் தள்ளுபடி. பொய் விண்ணப்பத்துக்கு உரிய தண்டனை, அவள் புருஷனின் நன்னடத்தையை உத்தேசித்து, மன்னிக்கப்பட்டது.

வெள்ளையம்மாளைக் கூப்பிட்டபோது அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். போர்டு அவளைப் பார்த்துத் திகைத்தது.

"இதென்ன, விதவை பூ வைத்திருக்கிறாள்?" என்றார் கேப்டன் துரை.

"பொட்டும் இருக்கிறது," என்றார் டிப்டி கலெக்டர். "தாலியும். இதை அப்படியே விட்டால் ஆடிட்டில் கேள்வி வரும்."

"சாமி, என்ற ஊட்டுக்காரரு அங்க நிக்கறாருங்களே!"

"அந்த அம்மாளுக்குத் துக்கத்தில் புத்தி பிசகியிருக்கிறது," என்று டிப்டி கலெக்டர் கேப்டனுக்கு விளக்கினார். கேப்டன் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

கச்சேரிச் சேவகனிடம் ஃபைல் நாடா வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. மஞ்சள் கயிறு, நாடாவைவிடச் சற்றுத் தடிமன், இரண்டு வெட்டில் அறுந்தது. வெள்ளையம்மாள் கத்தியது ஏரிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து, "பகல் பன்னிரண்டு ஐந்துக்கு விதவையானார்" என்று எழுதிக்கொண்டார். தாலியை ஒரு கவரில் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சர்க்கார் யாருடைய பொருளையும் வைத்துக்கொள்வதில்லை.

திரும்பி வரும் வழியில் வாழவந்தி தாண்டியதும் வெள்ளையம்மாள் நின்றாள்.

"அக்கா, அந்தப் பணம் வந்தா நான் தொடமாட்டேன். உனக்கே குடுத்துடறேன். நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரு. நான் இந்தக் கவுத்த மறுக்கா முடிஞ்சுக்கறேன்."

"உன்ற மனசு யாருக்கு வரும் கண்ணு," என்றாள் கண்ணாயி. இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் நல்ல தீர்ப்பு அது.

ஆனால் உபகாரச் சம்பளத்துக்கு விதிகள் இருந்தன. விதவையின் வீட்டில் அந்நிய ஆண் தங்கக்கூடாது. பணம் தொடங்குமுன் ஒரு இன்ஸ்பெக்டர் லயத்துக்கு வந்தார். வெள்ளையம்மாள் அறையில் சித்தன் களி தின்றுகொண்டிருந்தான். "நீ யார்?" என்று கேட்டார். சித்தன் என்று சொன்னால் கச்சேரியை ஏமாற்றியதாக ஆகும். கருப்பண்ணன் என்றான். "உன் அறை எது?" பேரேட்டில் கருப்பண்ணனுக்குப் பதினாலாம் நம்பர் அறை. அது கண்ணாயியின் அறை. அன்றே பெரிய துரை உத்தரவு போட்டார்: அவரவர் அறையில் அவரவர் இருக்க வேண்டும். மேஸ்திரி மாதையன் தினமும் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

சித்தன் தன் சாக்கையும் மண்சட்டியையும் எடுத்துக்கொண்டு பதினாலாம் நம்பருக்கு வந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை. "அக்கா, நான் இங்கியே வெளிய முடங்கிக்கறேன். நீ கதவச் சாத்திக்க," என்றான். மழைக்காலம் அது. மூன்றாம் நாள் கண்ணாயியே கிறிஸ்மஸ் கம்பளியை அவனிடம் கொடுத்து, உள்ளே வந்து அடுப்போரம் படுக்கச் சொன்னாள். கதவைத் திறந்தே வைத்தாள். திறந்த கதவைப் பார்த்துத்தான் லயம் பேசத் தொடங்கியது. மூடியிருந்தாலும் பேசியிருக்கும்.

"எத்தனை நாளா இது?" என்று தண்ணித் துறையில் ஒருத்தி கேட்டாள்.

"அதான் பேரேட்டுலயே இருக்குதே," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கருப்பண்ணன் எப்படிப் போனான் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததைவிடச் சிரிப்பு சுலபமாக இருந்தது.

வெள்ளையம்மாள் அப்போது நாலு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அது அவளுக்கு ஏப்ரலில் தெரியாது. இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. கணவன் இறந்து மூன்று வருஷம் கழிந்த நிலையில் மேற்படி விதவைக்குக் கரு உண்டானது நன்னடத்தைக்கு விரோதமாதலால் உபகாரச் சம்பளம் ரத்து, என்று சேலத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு மாசப் பணம்கூட வந்திருக்கவில்லை. ரத்து மட்டும் வந்தது.

அன்று வெள்ளையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினாலாம் நம்பர் வாசலுக்கு வந்தாள்.

"உன்ற புருஷன் செத்தா நீ அழுதுட்டுப் போயிருக்கோணும். அதை உட்டுட்டுக் காயிதத்தக் கட்டிக்கிட்டு அலைஞ்சே. இப்ப உனக்கு ஒரு புருஷன் இருக்கறான். எனக்கு இல்லே. எம்புள்ளைக்கு அப்பன் பேரு கேட்டா நான் யாரு பேரச் சொல்லுவேன்? சொல்லுக்கா!"

சித்தன் எழுந்து வெளியே வந்தான். வெள்ளையம்மாள் அவனைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். பிறகு அவள் கண்ணாயியோடு பேசவே இல்லை.

ஓமலூரிலிருந்து அண்ணன் கடைசியாக ஒரு தடவை சொல்லியனுப்பினான். காபி மூட்டை ஏற்ற வந்த வண்டிக்காரன் அதைச் சிரிக்காமல் ஒப்பித்தான்: "மாப்பிள்ளை தெனமும் தவறாம வேலைக்குப் போறாராமே. நொம்ப சந்தோசம். ரெண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாம இருந்துக்குங்க."

அதற்கு மறுநாள் கண்ணாயி பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்பாக வந்தாள். மூட்டம் இறங்கி காபிச் செடிகள்கூடத் தெரியவில்லை. ரைட்டர் அண்ணாதுரை லாந்தரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேரேட்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணாயி? மறுபடி பென்ஷனா?"

"இல்லீங்க சாமி. அது முடிஞ்சுதுங்க."

"லீவா? அதான் அப்பவே சொல்லிட்டேனே..."

"லீவும் வேண்டாமுங்க." அவள் மேஜையருகே வந்து நின்றாள். பேரேட்டில் எந்த வரி என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தையே பொதுவாகப் பார்த்தாள். "தெனமும் காலைல நீங்க அவரு பேரக் கூப்பிடறீங்க. இருக்கறேனுன்னு ஒரு கொரலு வருது. அது தம்பி கொரலுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனாலும் வயிறு ஒருக்கா நம்பிப் போடுது. ராத்திரியெல்லாம் செத்தாரு செத்தாருன்னு மனசத் தேத்தி வெச்சா, விடிஞ்சதும் நீங்க எழுப்பி உட்டுடறீங்க. மூணு வருசமா என்னால அழ முடியலீங்க சாமி."

அண்ணாதுரை மைக்கூட்டின் மூடியைத் திறந்தார். வரிசையில் ஆட்கள் வந்து நிற்கும் காலடிச் சத்தம் மூட்டத்துக்குள் கேட்டது.

"இன்னைக்கு மட்டும் அந்த ஒரு பேரக் கூப்பிடாம உட்டுருங்க. ஆஜருன்னு எழுதிக்குங்க, நான் வேண்டாங்கல. முன்னாடி பேரக் கூப்பிடுங்க, பின்னாடி பேரக் கூப்பிடுங்க. நடுவுல ஒரு மூச்சு நேரம் சும்மா இருங்க. ஆரும் பதில் சொல்லாம இருந்தா அவரு இல்லீன்னு என்ற வயித்துக்குத் தெரிஞ்சிருமுங்க. நான் இங்கியே நின்னு அழுதுட்டு, நேரா வேலைக்குப் போயிருவனுங்க. உடுவீங்களா சாமி?"